ஆல்சிண்டரா, வால்டனா, ஓபேனனா: யுசிஎல்ஏவில் ஒரே ஒருவர் என்றால் யார்?

ஒரு கல்லூரியின் கூடைப்பந்து அணியில் இதுவரை ஆடியவர்களிலேயே ஒரே ஒருவரைத் தேர்ந்தெடு என்றால், பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது யுசிஎல்ஏ விஷயத்தில் அது நடக்காது. ஆண்கள் அணிக்கு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் சங்கமான என்சிஏஏவின் தேசியப் பட்டங்கள் 11. அவற்றில் 10 பட்டங்கள் ஜான் உட்டன் என்ற ஒரே பயிற்சியாளர் காலத்தில், 1964க்கும் 1975க்கும் இடைப்பட்ட 12 ஆண்டுகளில் வந்தவை, அதிலும் 1967 முதல் 1973 வரை ஏழு ஆண்டு தொடர்ச்சியாக. யாரைத் தேர்ந்தெடுத்தாலும் இன்னொரு சாம்பியனைக் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும்.

நான் இதில் பல வருடம், 1970களில் அங்கே ஆடிய பில் வால்டன் பக்கம் நின்றவன். இப்போது இல்லை. ஏன் மாறினேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நிபந்தனை. கல்லூரியில் ஆடியதை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் பேச ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் தொழில்முறை லீக்கான என்பிஏவில் யார் என்ன செய்தார் என்பது எப்படியோ உள்ளே வந்துவிடும். லூ ஆல்சிண்டர் பின்னால் கரீம் அப்துல்-ஜப்பார் ஆகிப் படைத்த சாதனைகளுக்கு இங்கே ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. பில் வால்டனின் பாதங்கள் தொழில்முறை ஆட்டத்தில் உடைந்து உடைந்து போனதற்காக இங்கே ஒரு மதிப்பெண்ணும் குறையாது. ரஸல் வெஸ்ட்புரூக்கையும் இந்த நிபந்தனையை வைத்துத்தான் வெளியே வைக்கிறேன். அவர் யுசிஎல்ஏவில் இரண்டு ஆண்டு இருந்தார், நல்ல தடுப்பாட்டக்காரர், ஆனால் நாம் இன்று நினைக்கும் வெஸ்ட்புரூக் அங்கே இன்னும் உருவாகியிருக்கவில்லை. கெவின் லவ் கொஞ்சம் கஷ்டமான வழக்கு. 2007-08இல் ஒரே ஒரு சீசன் ஆடி, சராசரியாக 17.5 புள்ளியும் 10.6 ரீபவுண்டும் (தவறிய ஷாட்டில் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது) எடுத்து, அணியை ஃபைனல் ஃபோர் எனப்படும் தேசிய அரையிறுதி வரை கொண்டுபோய் மெம்ஃபிஸிடம் தோற்று, உடனே கிளம்பிப் போய்விட்டார். முதலாண்டு மாணவராக அவர் ஆடியது அபாரம்தான். ஆனால் ஒரு வருடத்தை மூன்று வருடத்தோடு எப்படி எடை போடுவது? லான்ஸோ பால் விஷயமும் அதேதான், 2016-17இல் ஆட்டத்துக்கு ஏழுக்கு மேல் அசிஸ்ட் (புள்ளியில் முடியும் பாஸ்) கொடுத்தும் ஒரே வருடம்.

புள்ளிவிவர அட்டவணையை விரித்து வைத்தால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆண்கள் அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் யார் என்று பார்த்தால் டான் மெக்லீன் வருவார்: 1988 முதல் 1992 வரை நான்கு சீசன், 127 ஆட்டம், 2,608 புள்ளிகள். ஆல்சிண்டர் 2,325. சரி, மெக்லீன்தான் பெரியவரா? ஆல்சிண்டர் அதை 88 ஆட்டங்களில் எடுத்தார், ஏனென்றால் முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடக் கூடாது என்று அன்று விதி இருந்தது. அந்த விதி 1972-73 சீசனில்தான் போனது. ஆக ஆல்சிண்டருக்கும் வால்டனுக்கும் கல்லூரி வாழ்க்கையில் கிடைத்தது மூன்றே ஆண்டு. மெக்லீனின் நடுத்தூர ஷாட் பார்க்க அவ்வளவு சுத்தமாக இருக்கும், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவருடைய நான்கு ஆண்டுகளில் அணி ஒரு முறைகூட ஃபைனல் ஃபோர் போகவில்லை, கடைசி ஆண்டில் அதற்கு முந்தைய சுற்றில் இண்டியானாவிடம் 106-79 என்று நொறுங்கியது.

இன்னும் இருக்கிறது. பிளாக்குகளையும் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது) ஸ்டீல்களையும் (பந்தைப் பறிப்பது) என்சிஏஏ அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1985-86இல். அதனால் ஆல்சிண்டர் எத்தனை பந்துகளைத் தட்டிவிட்டார், வால்டன் எத்தனை பேரின் ஷாட்டைத் திசை மாற்றினார் என்பதெல்லாம் எந்த அட்டவணையிலும் இல்லை. கூடைக்கு அருகில் ஆடும் உயரமான ஒரு சென்டரின் வேலையில் பாதி அதுதான்! இத்தனை நொடிக்குள் ஷாட் எடுத்தாக வேண்டும் என்ற ஷாட் கிளாக்கும் 1985-86இல்தான் நாடு முழுவதுக்கும் வந்தது, மூன்று புள்ளிக் கோடு அதற்கு அடுத்த சீசனில். ரெஜி மில்லர் தன் கடைசி வருடத்தில்தான் அந்தக் கோட்டைப் பார்த்தார், அது இல்லாமலேயே பெரும்பகுதியை ஆடி 2,095 புள்ளிகளோடு முடித்தவர், ஆனால் அவர் காலத்து அணிக்குக் கிடைத்தது என்சிஏஏ போட்டிக்கு அடுத்த நிலைப் போட்டியான என்ஐடியின் 1985 கோப்பை மட்டும். பட்டத்துக்கான போட்டியின் அமைப்பும் வேறு. ஆல்சிண்டர், வால்டன் காலத்தில் என்சிஏஏ போட்டியில் அதிகபட்சம் 25 அணிகள், நான்கு ஆட்டம் வென்றால் கோப்பை. 1995இல் 64 அணிகள், ஆறு ஆட்டம் வெல்ல வேண்டும். அதே சமயம் பழைய முறையில் ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து, அதாவது கல்லூரிகளின் ஒரு லீக்கிலிருந்து, ஒரே அணிதான் உள்ளே போகும், அதனால் பிப்ரவரியில் இரண்டு ஆட்டம் சறுக்கினால் நாட்டின் இரண்டாவது சிறந்த அணியும் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எது கடினம் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது.

ஆகவே எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதை விட்டுவிட்டு நான் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கிறேன். இவரைச் சமாளிக்க எதிரணி என்ன செய்ய வேண்டியிருந்தது? இவர் இல்லாமல் இதே அணி என்ன செய்தது? இந்த இரண்டுக்கும் எந்தக் காலத்திலும் பதில் இருக்கும்.

ஆரம்பத்திலிருந்து வருவோம். 1964 அணியில் தொடக்க ஐவரில் ஒருவர்கூட 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டவில்லை. சொந்தமாக ஒழுங்கான அரங்கம்கூட அப்போது கிடையாது, பாலி பெவிலியன் 1965இல்தான் திறந்தது. அந்த அணி மைதானம் முழுக்கப் பரவி எதிராளியைப் பந்தோடு நெருக்கும் ஸோன் ப்ரெஸ்ஸை வைத்து 30 ஆட்டத்தில் 30ஐயும் வென்றது. பந்தை வழிநடத்தியவர் வால்ட் ஹஸார்ட், பந்தைக் கூடையில் போட்டவர் இடதுகைக்காரரான கெயில் குட்ரிச். அடுத்த ஆண்டு ஹஸார்ட் போய்விட்டார், எல்லாரும் அணி இறங்கும் என்றார்கள். 1965 இறுதியாட்டத்தில் மிஷிகனுக்கு எதிராக 6 அடி 1 அங்குலம் உள்ள குட்ரிச் 42 புள்ளி எடுத்தார், அதில் 18 ஃப்ரீ த்ரோவில் வந்தவை, எடுத்த முயற்சி 20. கேஸி ரஸல் இருந்த, உடல்பலத்துக்குப் பெயர் போன அணி அது. அந்தக் கூட்டத்துக்குள் தன் சின்ன உடம்போடு திரும்பத் திரும்பப் புகுந்து அடி வாங்கி, கோட்டில் நின்று ஒவ்வொன்றாகப் போட்டார் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. யுசிஎல்ஏ 91-80 என்று வென்றது. பின்னால் வந்த உயரமானவர்களின் நிழலில் குட்ரிச் மறைந்துபோனது எனக்கு எப்போதும் வருத்தம்.

அப்புறம் நியூயார்க்கிலிருந்து ஆல்சிண்டர் வருகிறார்.

1965 நவம்பர் 27, பாலி பெவிலியனில் ஒரு காட்சி ஆட்டம். ஒரு பக்கம் இரண்டு முறை தொடர்ந்து தேசிய சாம்பியனான யுசிஎல்ஏ முதன்மை அணி. மறுபக்கம் அதே கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள். முதலாண்டு அணி 75-60 என்று வென்றது, ஆல்சிண்டர் 31 புள்ளி, 21 ரீபவுண்ட். அதாவது அன்றே அவர்தான் அங்கே சிறந்தவர், ஆனால் விதி காரணமாக ஒரு வருடம் உட்கார வேண்டியிருந்தது. அவர் உட்கார்ந்திருந்த அந்த 1965-66 சீசனில் முதன்மை அணி 18 வெற்றி, 8 தோல்வி, கான்ஃபரன்ஸ் பட்டம்கூட இல்லை. அடுத்த சீசனில் அவர் இறங்கினார்: 30-0. என் இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு பச்சையாகப் பதில் தரும் வழக்கு வேறு இல்லை.

முதல் ஆட்டத்திலேயே, அதே ஊரின் போட்டிக் கல்லூரியான யுஎஸ்சிக்கு எதிராக 56 புள்ளி. அதே சீசனில் வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 61. சீசன் சராசரி 29 புள்ளி, எடுத்த ஷாட்டில் மூன்றில் இரண்டு உள்ளே. எதிரணிகள் என்ன செய்தன என்று பாருங்கள். யுஎஸ்சி 1967 பிப்ரவரியில் ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. ஷாட் கிளாக் இல்லை அல்லவா, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். முதல் பாதியில் யுஎஸ்சி 17-14 என முன்னிலை, ஆட்டம் கூடுதல் நேரம் போய் 40-35 என்று யுசிஎல்ஏ தப்பித்தது. கூடைப்பந்து ஆடினால் ஜெயிக்க முடியாது, அதனால் ஆடாமல் இருப்போம் என்ற முடிவுக்கு ஒரு நல்ல அணியை வரவைத்தவர் இவர்.

எதிரணிகள் செய்தது இது என்றால், விதி எழுதுபவர்கள் 1967-68 சீசன் தொடங்கும்போது டங்க் செய்வதையே தடை செய்தார்கள். அவர் பெயரைச் சொல்லி எழுதப்பட்ட விதி அல்ல, ஆனால் ஆல்சிண்டர் விதி என்றுதான் எல்லாரும் அழைத்தார்கள், அது 1976 வரை நீடித்தது. 7 அடி 2 அங்குலம் உள்ள ஒருவரிடம் கூடைக்கு மேலிருந்து பந்தை உள்ளே அழுத்தாதே என்றால் என்ன ஆகும்? ஷாட் விழுக்காடு 66.7இலிருந்து 61.3க்கு இறங்கியது, அவ்வளவுதான். அவர் ஹூக் ஷாட்டைத் தீட்டினார், பலகையில் பட்டு விழும் மென்மையான ஷாட்டைத் தீட்டினார், கடைசி ஆண்டில் மறுபடி 63.5க்கு வந்துவிட்டார். அந்தப் பழைய படங்களைப் பார்க்கும்போது எனக்குப் பிடித்தது அவர் உயரம் அல்ல, காலடி. அவ்வளவு நீளமான மனிதர் இரண்டே அடியில் திரும்பிப் பந்தை விடுவார், தடுப்பவர் குதிக்கும்போது பந்து கையில் இருக்காது.

மூன்று ஆண்டில் அணி தோற்றது இரண்டு முறை. முதலாவது 1968 ஜனவரி 20, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில், 52,693 பேர் முன்னால், ஹூஸ்டனிடம் 71-69. எல்வின் ஹேய்ஸ் 39 புள்ளி எடுத்தார், ஆல்சிண்டர் 18 ஷாட்டில் நான்கு மட்டும் போட்டு 15 புள்ளி. ஒரு வாரத்துக்கு முன்னால் கலிஃபோர்னியா (பெர்க்லி) அணியுடன் ஆடியபோது அவர் கண்விழியில் கீறல் விழுந்திருந்தது, அதனால் இரண்டு ஆட்டங்களை விட்டுவிட்டு, சரியாகத் தெரியாத கண்ணோடு நேராக அந்த ஆட்டத்துக்கு வந்தார். ஹேய்ஸின் அந்த இரவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், கல்லூரிக் கூடைப்பந்தைத் தொலைக்காட்சியில் பெரிய விளையாட்டாக மாற்றியதே அந்த இரவுதான். ஆனால் இரண்டு மாதம் கழித்து ஃபைனல் ஃபோரில் இதே இரண்டு அணிகள் மோதின, 101-69. லின் ஷேக்கல்ஃபோர்டு ஹேய்ஸை நிழல்போல ஒட்டிக்கொண்டார், மற்ற நால்வரும் அவரைச் சுற்றிக் கூடையைக் காத்தார்கள், ஹேய்ஸுக்குக் கிடைத்தது 10 புள்ளி. இரண்டாவது தோல்வி 1969 மார்ச்சில், மறுபடியும் யுஎஸ்சி, மறுபடியும் பந்தைப் பிடித்துவைக்கும் ஆட்டம், 46-44. கான்ஃபரன்ஸ் பட்டத்தை அதற்குள் யுசிஎல்ஏ வென்றிருந்தது.

மூன்று ஆண்டு, மூன்று பட்டம், என்சிஏஏ போட்டியில் 12 ஆட்டம், 12 வெற்றி. ஃபைனல் ஃபோரின் சிறந்த வீரர் விருது மூன்று முறையும் அவருக்கே, அப்படி வாங்கிய வேறொருவர் இன்றுவரை இல்லை. கடைசி ஆட்டத்தில் பர்டியூவுக்கு எதிராக 37 புள்ளி, 20 ரீபவுண்ட்.

இங்கேதான் எனக்கு முன்பு ஒரு முள் இருந்தது. ஆல்சிண்டர் போன அடுத்த ஆண்டும் யுசிஎல்ஏ சாம்பியன். அதற்கடுத்த ஆண்டும் சாம்பியன். சென்டர் இடத்தில் ஸ்டீவ் பேட்டர்சன், முன்வரிசையில் சிட்னி விக்ஸும் கர்டிஸ் ரோவும். அப்படியானால் எல்லாம் உட்டன் செய்ததுதானே, நடுவில் யார் நின்றால் என்ன என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அது ஆல்சிண்டரைக் குறைப்பதைவிட விக்ஸை உயர்த்துகிறது என்று இப்போது நினைக்கிறேன். 1970 இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்சன்வில் அணியில் 7 அடி 2 அங்குல ஆர்டிஸ் கில்மோர், விக்ஸ் 6 அடி 8 அங்குலம். முதலில் அவருக்கு முன்னால் நின்று பந்து வராமல் தடுக்கப் பார்த்தார், சரிப்படவில்லை, பின்னால் போய் நின்றார், கில்மோர் ஷாட் எடுக்கும்போது சரியான கணத்தில் எழுந்து அவருடைய ஷாட்டையே தட்டிவிட்டார், ஒரு முறை அல்ல, ஐந்து முறை. கில்மோர் 29 ஷாட்டில் ஒன்பதுதான் போட்டார். ஆறு அங்குலம் குறைந்தவர் செய்த காரியம் இது. யுசிஎல்ஏ 80-69.

சரி, வால்டன். இவரைப் பற்றி எழுதும்போது என் கை தானாக நீளும்.

1971-72 சீசன் 30-0, சராசரி வெற்றி வித்தியாசம் 30 புள்ளிக்கும் மேல். 1972-73 சீசன் மறுபடி 30-0. யுசிஎல்ஏவின் புகழ்பெற்ற 88 ஆட்டத் தொடர் வெற்றியில் முதல் 15 விக்ஸ் அணியுடையது, மீதி 73ம் வால்டன் காலத்தது. எண்களில் பார்த்தால் சராசரி 20.3 புள்ளி, 15.7 ரீபவுண்ட். புள்ளியில் ஆல்சிண்டரைவிட ஆறு குறைவு. ஆனால் வால்டனை எண்களில் தேடக் கூடாது. ரீபவுண்ட் எடுத்த பந்து கையில் வந்தவுடன், கால் தரையில் முழுதாகப் படுவதற்கு முன்பே உடம்பைத் திருப்பி, மைதானத்தின் பாதித் தூரத்துக்கு அதை எறிவார். கீத் வில்க்ஸோ கிரெக் லீயோ அங்கே ஓடிக்கொண்டிருப்பார். எதிரணி தடுப்பாட்டத்துக்குத் திரும்பும் முன் லேஅப் முடிந்திருக்கும். ஒரு சென்டர் தன் பக்கக் கூடைக்குக் கீழே நின்றுகொண்டு எதிர்ப்பக்கக் கூடையில் புள்ளி எடுக்க வைப்பதை அவரளவுக்கு நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஆல்சிண்டர் இருந்த அணி அவரைச் சுற்றி ஆடியது, வால்டன் இருந்த அணியில் மற்ற நால்வரும் தங்கள் திறமைக்கு மேலே ஆடினார்கள். நான் அவ்வளவு காலம் வால்டன் பக்கம் நின்றதற்குக் காரணம் இதுதான், இந்த ஒரு விஷயத்தில் இன்றும் என் கருத்து மாறவில்லை.

அப்புறம் 1973 இறுதியாட்டம். மெம்ஃபிஸ் ஸ்டேட்டுக்கு எதிராக 22 ஷாட் எடுத்து 21ஐப் போட்டார். 44 புள்ளி, 13 ரீபவுண்ட். இதைச் சொல்பவர்கள் பலரும் விட்டுவிடும் ஒரு விவரம் உண்டு: டங்க் அப்போதும் தடைதான். லீ மேலே தூக்கிப்போட்ட பந்துகளை வால்டன் காற்றிலேயே பிடித்து, கூடைக்குள் அழுத்தாமல், விரல் நுனியால் விட வேண்டியிருந்தது. லீக்கு அன்று 14 அசிஸ்ட். பாதி ஆட்டத்தில் 39-39 என்று சமநிலை, வால்டனுக்கு அதற்குள் மூன்று ஃபவுல். அந்த நிலையிலிருந்து 87-66. ஒரே ஒரு ஆட்டம், அதில் ஜெயித்தே ஆக வேண்டும், யாரை இறக்குவாய் என்று யாராவது கேட்டால் நான் அந்த இரவின் வால்டனைத்தான் சொல்வேன், யோசிக்கக்கூட மாட்டேன்.

ஆனால் கேள்வி ஒரு ஆட்டத்தைப் பற்றியது அல்ல. 1974 வருகிறது. ஜனவரி 19, நோத்ர டேமில், மூன்றரை நிமிடம் பாக்கி இருக்கும்போது யுசிஎல்ஏ 70-59 என முன்னிலை. அதற்குப் பிறகு யுசிஎல்ஏவால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை, நோத்ர டேம் 12 எடுத்தது, 71-70. வால்டன் முதுகுக் காயத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார், அதை மறக்கக் கூடாது. பிப்ரவரியில் ஒரே வாரக் கடைசியில் ஆரிகன் ஸ்டேட்டிடமும் ஆரிகனிடமும் தோல்வி. பிறகு ஃபைனல் ஃபோரில் டேவிட் தாம்ப்சனின் நார்த் கரோலினா ஸ்டேட். அதே அணியை டிசம்பரில் 84-66 என்று யுசிஎல்ஏ வென்றிருந்தது. இந்த முறை இரண்டாம் பாதியில் 11 புள்ளி முன்னிலை போனது, இரண்டாவது கூடுதல் நேரத்தில் 7 புள்ளி முன்னிலையும் போனது, 80-77 என்று தோற்றார்கள். வால்டன் 29 புள்ளி, 18 ரீபவுண்ட் எடுத்தும் போதவில்லை. ஷாட் கிளாக் இல்லாத காலத்தில், இவ்வளவு அருமையாகப் பந்து பரிமாறும் ஒரு அணியிடம், ஏழு புள்ளி முன்னிலை என்பது கையில் இருக்கும் வெற்றி. பந்தைப் பிடித்துவைத்தாலே போதும்.

அவர் மட்டும் காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஐந்து பேர் ஆடும் ஆட்டம். ஆனால் ஆல்சிண்டர் அணியின் 88 வெற்றி 2 தோல்வி, வால்டன் அணியின் 86 வெற்றி 4 தோல்வி என்ற இரண்டு பதிவுகளை வைத்துக்கொண்டு, வெறும் இரண்டு தோல்விதானே வித்தியாசம் என்று சொல்லிக்கொண்டிருந்த நான், ஒருநாள் அந்த ஆறு தோல்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஆல்சிண்டரின் அணியை வெல்ல ஒருமுறை கண்ணில் காயம் தேவைப்பட்டது, இன்னொருமுறை ஆட்டத்தையே ஆடாமல் நிறுத்த வேண்டியிருந்தது. வால்டனின் அணி ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டங்களை விட்டுக்கொடுத்தது, அதிலும் ஒன்று கோப்பைக்கான வழியில். என் முதல் கேள்வியை நேர்மையாகக் கேட்டால் பதில் ஒரு பக்கம்தான் சாய்கிறது.

இன்னொரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. ஆண்கள் அணியை வைத்துத்தான் இவ்வளவும் பேசினேன், ஆனால் அதே பாலி பெவிலியனில் ஆன் மேயர்ஸ் ஆடினார். யுசிஎல்ஏ பெண்ணொருவருக்கு முதன்முதலாக நான்கு ஆண்டு முழு விளையாட்டு உதவித்தொகை கொடுத்தது அவருக்குத்தான். 1978 பிப்ரவரியில் ஸ்டீஃபன் எஃப். ஆஸ்டின் அணிக்கு எதிராக 20 புள்ளி, 14 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 10 ஸ்டீல்: நான்கு வகையிலும் இரட்டை இலக்கம். அடுத்த மாதம் மேரிலாண்டை வென்று தேசிய பட்டம், அப்போது பெண்கள் போட்டியை நடத்தியது என்சிஏஏ அல்ல, ஏஐஏடபிள்யூ என்ற வேறொரு சங்கம். அதனால்தான் என்சிஏஏ பட்டங்களை மட்டும் எண்ணும்போது அந்தப் பட்டம் காணாமல் போகிறது, அது சரியல்ல. நான்கு ஆண்டும் முழுதாக ஆடக் கிடைத்தவர் அவர், ஆடிய நான்கு ஆண்டும் ஆல்-அமெரிக்கன், அதாவது நாட்டின் சிறந்த வீரர்கள் பட்டியலில் இடம். பெண்கள் அணிக்கு இதே கேள்வியைக் கேட்டால் நான் தொடங்கும் இடம் அவர்தான்.

சரி, வரிசைக்கு வருவோம். முதலிடம் ஆல்சிண்டர். இரண்டாமிடம் வால்டன். மூன்றாமிடத்தில்தான் என்னோடு சண்டைக்கு வருவார்கள், ஏனென்றால் நான் விக்ஸையும் குட்ரிச்சையும் 1977இல், நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான முதல் உட்டன் விருதை வாங்கிய மார்கஸ் ஜான்சனையும் தாண்டி, 1995 சாம்பியன் அணியின் எட் ஓபேனனை வைக்கிறேன்.

காரணம் என் இரண்டாவது கேள்வி. விக்ஸ், குட்ரிச், வால்டன், ஆல்சிண்டர் எல்லாருக்கும் பெஞ்சில் உட்டன் இருந்தார். அவர்களில் யாரை எடுத்துவிட்டாலும் உட்டன் வேறொரு வழியில் வென்றிருப்பார் என்று வாதிட இடமிருக்கிறது, வென்றும் காட்டினார். வால்டன் போன மறு ஆண்டு, 1975இலும், கென்டக்கியை 92-85 என்று வென்று அவர் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு 20 ஆண்டு ஒரு என்சிஏஏ பட்டமும் இல்லை. மெக்லீன் வந்தார், மில்லர் வந்தார், பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஒவ்வொருவரையும் உட்டனோடு ஒப்பிட்டே தின்றார்கள். ஓபேனன் அந்தச் சுமைக்குள்தான் வந்தார், அதுவும் கிழிந்த முழங்காலோடு. 1990 அக்டோபரில், முதல் ஆட்டத்துக்கு முன்பே, அவருடைய முழங்காலின் ஏசிஎல் தசைநார் அறுந்துவிட்டது. முதல் சீசன் முழுவதும் போயிற்று. அடுத்ததில் கொஞ்சம் கொஞ்சமாக ஆடினார். எம்பிக் குதித்து ஆடும் ஆட்டக்காரராக வந்தவர், தாவலின் ஒரு பகுதியை இழந்துவிட்டு, நடுத்தூர ஷாட்டையும் இடம் பிடிப்பதையும் கற்றுக்கொண்டு, நான்காவது ஆண்டில் ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுப்பவராகத் திரும்பி நின்றார்.

1995 போட்டியில் ஆறு ஆட்டம் வெல்ல வேண்டும். இரண்டாவதிலேயே மிசூரியிடம் ஒரு புள்ளி பின்தங்கி, 4.8 நொடி மட்டும் பாக்கி இருந்தபோது டைஸ் எட்னி மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பந்தோடு ஓடிப் போட்ட அந்த ஷாட் இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும், 75-74. அந்த எட்னி இறுதியாட்டத்துக்கு மணிக்கட்டுக் காயத்தோடு வந்தார். சில நிமிடம் முயன்று பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். எதிரே முந்தைய ஆண்டின் சாம்பியன் ஆர்கன்ஸா, ஆட்டம் முழுக்க மைதானம் முழுக்க நெருக்குவதையே தொழிலாக வைத்திருந்த அணி. பந்தை ஏற்றிக்கொண்டு போகும் முக்கியமான கார்டு இல்லாமல் அவர்களோடு ஆடுவது என்றால் என்னவென்று கூடைப்பந்து ஆடியவர்களுக்குத் தெரியும். கேமரன் டாலர் அந்த இடத்துக்கு வந்து பதறாமல் ஆடினார், டோபி பெய்லி 26 புள்ளி எடுத்தார். அணிக்கு எங்கெல்லாம் மூச்சு முட்டியதோ அங்கெல்லாம் பந்து ஓபேனனிடம் வந்தது. அறுவைச் சிகிச்சை செய்த அந்த முழங்காலோடு 40 நிமிடமும் வெளியே வராமல் ஆடினார். 30 புள்ளி, 17 ரீபவுண்ட், 89-78.

விக்ஸ் நான்கு, குட்ரிச் ஐந்து.